யார் இந்த ஸ்டான்லி லேன்-பூல்? முகமே இல்லாத நாணயங்களில் மன்னர்களைத் தேடியவரின் கதை

1249-ம் ஆண்டு நவம்பர் மாதம். பிரான்ஸ் மன்னர் 9-ம் லூயியின் சிலுவைப் போர்ப் படை எகிப்துக்குள் புகுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எகிப்து சுல்தான் சாலிஹ் அய்யூப் இறந்துபோகிறார். விஷயம் வெளியே தெரிந்தால் படை சிதறிவிடும். சுல்தானின் மனைவி ஷஜர் அல்-துர் கணவரின் மரணத்தை மறைக்கிறார். சுல்தான் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்று சொல்லியே நிர்வாகத்தை நடத்துகிறார்.

போரில் எகிப்து வென்றது. அடுத்த வாரிசாக வந்த துரான்ஷா சில மாதங்களிலேயே கொல்லப்பட்டார். 1250-ம் ஆண்டு மே மாதம், ஒரு காலத்தில் அடிமையாக வாங்கப்பட்ட ஷஜர் அல்-துர் எகிப்தின் அரசியாகவே அமர்ந்தார். மொத்தம் சுமார் 80 நாட்கள்தான்.

அந்த 80 நாட்களில் அடிக்கப்பட்ட ஒரு தங்கக் காசு இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் அரசியின் முகம் இல்லை. அது பரவாயில்லை, அவர் பெயரும் இல்லை!

அப்புறம் என்னதான் இருக்கிறது? கலீஃபா முஸ்தஸிமுக்குக் கட்டுப்பட்டவர், சாலிஹின் வீட்டைச் சேர்ந்தவர், முஸ்லிம்களின் அரசி, இளவரசர் கலீலின் தாய் என்று அடைமொழிகள்தான் இருக்கின்றன. அதாவது மூன்று ஆண்களைச் சொல்லித்தான் அவர் தன்னைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த மூவரில் கணவர் செத்துப்போனவர். மகன் கலீல் சின்ன வயதிலேயே இறந்தவன். மிச்சமிருந்த பாக்தாத் கலீஃபாவோ, ஒரு பெண் ஆள்வதை ஏற்கவே இல்லை. ஆதரவுக்கு யாருமே இல்லாத ஒருவரின் நிலைமை, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தங்கத் துண்டில் அப்படியே பதிந்து கிடக்கிறது.

இந்த மாதிரிக் காசுகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகப் படித்து, எடை போட்டு, வரிசைப்படுத்தி அச்சிலேற்றியவர்தான் ஸ்டான்லி லேன்-பூல். எகிப்து நாணயங்களுக்கான அவருடைய தொகுதி 1879-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 24.

முகம் இல்லாத காசு ஏன்?

ரோமாபுரிக் காசைப் பார்த்தால் பேரரசரின் தலை இருக்கும். பாரசீகக் காசில் கிரீடம் வைத்த ராஜா இருப்பார். 7-ம் நூற்றாண்டில் அரேபியர்கள் இந்த இரண்டு பேரரசுகளின் நிலங்களையும் பிடித்தபோது, ஆரம்பத்தில் பழைய காசுகளைப் போலவே அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். பைசாந்திய மாதிரியும் இருந்தது, பாரசீக மாதிரியும் இருந்தது. ஓரத்தில் மட்டும் சில அரபுச் சொற்களைச் சேர்த்தார்கள்.

இதை ஒரே அடியாக மாற்றியவர் கலீஃபா அப்துல் மலிக். ஹிஜ்ரி 77-ம் ஆண்டில், அதாவது கி.பி. 696-97 வாக்கில், உருவமே இல்லாத தங்க தீனார் வந்தது. இரண்டு பக்கமும் வெறும் எழுத்து. நடுவில் மத உறுதிமொழி, விளிம்பைச் சுற்றி வசனமும் காசு அடித்த ஆண்டும். கொஞ்ச நாளில் வெள்ளி திர்ஹமும் இதே பாணிக்கு மாறியது. அதில் எந்த ஊரில் அடித்தது என்ற விவரமும் சேர்ந்தது.

பார்க்க அழகில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் வரலாறு தேடுபவருக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ரோமக் காசில் தலையைப் பார்த்து யார் என்று யூகிக்க வேண்டும். இதிலோ ஊரும் வருஷமும் எழுதியே இருக்கிறது. பிற்காலத்தில் ஆட்சி செய்பவரின் பெயர், அவருடைய தந்தை பெயர், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது வரை காசில் ஏறிவிட்டது.

நம்ம ஊர் ரூபாய் நாணயத்திலும் வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளியோ நட்சத்திரமோ டைமண்ட் வடிவமோ இருக்கும். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கான அடையாளம் அது. 1,300 வருஷங்களுக்கு முன்பே அந்த விவரத்தை முழு வாக்கியமாக எழுதிவைத்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

இன்னொன்றும் உண்டு. இஸ்லாமிய உலகில் ஒருவர் ராஜாவாகிவிட்டார் என்பதற்கு இரண்டு அடையாளங்கள்: வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் அவர் பெயரைச் சொல்வது, காசில் அவர் பெயரைப் பொறிப்பது. இரண்டாவதுக்கு சிக்கா என்று பெயர். ஒரு ஆளுநர் தன் பெயரைக் காசில் போட்டுவிட்டு மேலே இருப்பவர் பெயரை விட்டுவிட்டார் என்றால், அது கலகம். அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவே வேண்டாம்.

குத்பாவில் சொன்ன பெயர் காற்றோடு போய்விடும். காசில் அடித்த பெயர் மண்ணுக்குள் போனாலும் திரும்பி வரும்.

அகராதி வீட்டில் வளர்ந்த பையன்

ஸ்டான்லி லேன்-பூல் 1854 டிசம்பர் 18-ல் லண்டனில் பிறந்தார். அப்பா எட்வர்ட் ஸ்டான்லி பூலும் அரபு படித்தவர்தான். ஆனால் பையனுக்கு 13 வயது ஆவதற்குள் அம்மா, அப்பா இருவருமே போய்விட்டார்கள். ஸ்டான்லியையும் தம்பி ரெஜினால்டையும் வளர்த்தது பாட்டி சோஃபியாவும், பாட்டியின் அண்ணன் எட்வர்ட் வில்லியம் லேனும்.

இந்த லேன் தாத்தா சாதாரண ஆள் இல்லை. கெய்ரோவில் உள்ளூர்க்காரர் போலவே உடுத்தி, உள்ளூர்க்காரர்களோடு பழகி, எகிப்திய மக்களின் வாழ்க்கை பற்றி 1836-ல் புத்தகம் போட்டவர். ஆயிரத்தோரு இரவுகள் கதைகளை ஆங்கிலத்தில் தந்தவர். பாட்டி சோஃபியாவும் 1840-களில் அண்ணனோடு கெய்ரோவில் வாழ்ந்து, ஆண்கள் நுழைய முடியாத அந்தப்புரங்களைப் பார்த்து எழுதியவர்.

பேரப்பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது லேன் இங்கிலாந்தின் வொர்திங் என்ற கடற்கரை ஊரில் இருந்தார். 1842-ல் ஆரம்பித்த அரபு-ஆங்கில அகராதி வேலை இன்னும் முடிந்தபாடில்லை. பழைய அரபு அகராதிகளை வரி வரியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் வேலை அது. தினமும் மணிக்கணக்கில் அதே மேஜை, அதே கையெழுத்துப் பிரதிகள்தான். அந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு அரபு எழுத்து என்பது ஏதோ தூர தேசத்துக் கோடுகளாகத் தெரிந்திருக்காது. சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகவே இருந்திருக்கும்.

சித்தப்பா ரெஜினால்ட் ஸ்டூவர்ட் பூல் இன்னொரு பக்கம். அவர் 1870 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணயப் பிரிவுக்குத் தலைவர். வீட்டில் அரபு, சித்தப்பாவின் அலுவலகத்தில் காசு. பையனின் பாதை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சொந்தக்காரர் தயவில் வேலை கிடைத்தது என்று யாராவது சொன்னால் அதை மறுப்பதும் கஷ்டம்தான். ஆனால் கிடைத்த வேலையை அவர் செய்த விதம் வேறு.

20 வயதில் முதல் தொகுதி

1874-ல் லேன்-பூல் பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணயப் பிரிவில் சேர்ந்தார். அடுத்த வருஷமே கிழக்கு கலீஃபாக்களின் நாணயங்களுக்கான பட்டியல் புத்தகம் வந்துவிட்டது. ஆக்ஸ்போர்டில் பட்டப்படிப்பு கூட அப்போது முடியவில்லை. அது 1878-ல்தான் முடிந்தது.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்று என்கிற வேகம். செல்ஜுக் துருக்கியர், எகிப்தின் ஃபாத்திமிகள், மம்லூக்குகள், ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மங்கோலியர், புகாரா, ஓட்டோமன் துருக்கி. 1875-ல் தொடங்கி 1890-ல் முடிந்தபோது மொத்தம் 10 தொகுதிகள். கடைசி இரண்டு தொகுதிகளின் வேலை என்ன தெரியுமா? முதல் எட்டும் வெளிவந்த பிறகு மியூசியத்துக்கு வந்த காசுகளைச் சேர்ப்பதும், முழுமைக்கும் அட்டவணை போடுவதும்தான்.

பட்டியல் போடுவது என்ன பெரிய வேலை, எழுத்தைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல்.

பழைய காசுகளில் இருப்பது கூஃபி என்ற கோணலும் நேர்க்கோடுமான அரபு எழுத்து. அதில் புள்ளிகள் பெரும்பாலும் கிடையாது. அரபில் புள்ளி இல்லாவிட்டால் பல எழுத்துகள் ஒரே மாதிரி ஆகிவிடும். குறிப்பாக ஏழும் ஒன்பதும். எழுபதும் தொண்ணூறும். காசில் ஆண்டை எண்ணாகப் போடாமல் வார்த்தையாக எழுதுவார்கள் என்பதால், புள்ளி இல்லாத ஒரு சொல் 70 ஆகவும் படிக்கலாம், 90 ஆகவும் படிக்கலாம். ஒரு கோட்டைத் தப்பாகப் பார்த்தால் ஒரு மன்னர் 20 வருஷம் முன்னே போய்விடுவார்!

அப்போது என்ன செய்வது? அதே ஊரில் அடித்த மற்ற காசுகளோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பெயருள்ள ஆளுநர் எந்த வருஷத்தில் இருந்தார் என்று வரலாற்று நூல்களில் தேட வேண்டும். எழுத்தின் வடிவம் எந்தக் காலத்தது என்று கண்ணால் பழக வேண்டும். விளிம்பு தேய்ந்த காசு, பாதி வெட்டுப்பட்ட காசு, அச்சு நகர்ந்து ஊர் பெயரே வெளியே போன காசு என்று தினமும் வெவ்வேறு தலைவலிகள்.

இதோடு ஹிஜ்ரி கணக்கு வேறு. சந்திரனை வைத்து ஓடும் அந்த ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். நம் ஆண்டைவிட சுமார் 11 நாள் குறைவு. அதனால் வெறும் கூட்டல் கழித்தலில் கி.பி. ஆண்டு வராது. ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு கி.பி. ஆண்டுகளில் கால் வைத்து நிற்கும்.

இவருக்கு முன்னால் யாருமே இதைச் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவுக்குப் போன கிறிஸ்டியன் மார்ட்டின் ஃப்ரேன், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரஷ்ய மண்ணில் கிடைத்த திர்ஹம்களைப் படித்து இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டுவிட்டார். டெல்லி சுல்தான்களின் காசுகளை எட்வர்ட் தாமஸ் என்ற அதிகாரி லேன்-பூலுக்கு முன்பே ஆராய்ந்து புத்தகமாக்கியிருந்தார். லேன்-பூல் செய்தது, ஸ்பெயின் முதல் இந்தியா வரைக்குமான ஒரு பெரிய சேகரிப்பை ஒரே முறையில் வரிசைப்படுத்தி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி தந்தது.

ஒரு குறை மட்டும் அன்றைக்கே கண்ணைக் குத்தியிருக்கும். பெயர்களுக்கு அவர் போட்ட ஆங்கில எழுத்துக்கூட்டு. கலீஃபாவை அவர் எழுதிய விதத்தை இன்றைக்கு யாரும் பின்பற்றுவதில்லை. தாத்தா லேனிடமிருந்து வந்த பழக்கம் அது.

உருவம் போட்ட சுல்தான்கள்

இஸ்லாமிய நாணயம் என்றாலே வெறும் எழுத்துதான் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 12, 13-ம் நூற்றாண்டுகளில் மார்டின், தியார்பக்கிர் பக்கம் (இன்றைய துருக்கியின் தென்கிழக்கு) ஆண்ட அர்துக் வம்சத்தார் பெரிய செப்புக் காசுகளில் மனிதத் தலைகளைப் போட்டார்கள். ரோம, கிரேக்க, பைசாந்தியக் காசுகளைப் பார்த்துக் காப்பியடித்த தலைகள். சில காசுகளில் கிறிஸ்தவ உருவங்களே வந்துவிட்டன. ஆட்சி செய்தவர்கள் முஸ்லிம்கள், எழுத்தும் அரபு.

லேன்-பூல் தன் ஆரம்பகாலத் தனி நூலை 1875-ல் எழுதியது இந்தக் காசுகளைப் பற்றித்தான். மதமும் வியாபாரமும் பக்கத்து நாட்டுச் சந்தையும் ஒரு செப்புக் காசில் எப்படிக் கலக்கும் என்பதை இளம் வயதிலேயே அவர் பார்த்துவிட்டார்.

டெல்லியில் செத்துப்போன கலீஃபா

இந்திய வாசகர்களுக்கு லேன்-பூல் முக்கியமாவது இங்கேதான். 10 தொகுதிகள் தவிர, மியூசியத்தில் இருந்த இந்திய நாணயங்களுக்கு அவர் தனியாக மூன்று தொகுதிகள் போட்டார். டெல்லி சுல்தான்களுக்கு 1884-ல், மற்ற முஸ்லிம் அரசுகளுக்கு 1885-ல், முகலாயர்களுக்கு 1892-ல்.

ஷஜர் அல்-துர் காசில் பார்த்த கலீஃபா முஸ்தஸிம் ஞாபகம் இருக்கிறதா? 1258-ல் மங்கோலியர்கள் பாக்தாத்தைச் சூறையாடி அவரைக் கொன்றார்கள். அப்பாஸிய கலீஃபாக்களின் பாக்தாத் ஆட்சி அதோடு காலி. ஆனால் டெல்லியில் அடித்த காசுகளில் அவர் பெயர் அதன் பிறகும் சுமார் 40 வருஷம் தொடர்ந்து வந்தது! பால்பன் காலத்திலும் முஸ்தஸிம். ஜலாலுதீன் கில்ஜி காலத்திலும் அதே முஸ்தஸிம்.

டெல்லிக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பாக்தாத் விழுந்த சேதியை எப்படி மறைக்க முடியும்? கலீஃபா பெயர் இல்லாவிட்டால் சுல்தானின் அதிகாரத்துக்கு மேலே இருந்து கிடைக்கும் முத்திரை இல்லை. புதிய பெயர் கிடைக்கும்வரை பழைய பெயரையே வைத்து ஓட்டினார்கள். பிறகு முபாரக் ஷா கில்ஜி, யாருடைய பெயரும் வேண்டாம் என்று தன்னையே கலீஃபா என்று காசில் போட்டுக்கொண்டார்.

முகமது பின் துக்ளக் கதை இன்னும் சுவாரஸ்யம். பித்தளை, செப்புக் காசை வெள்ளித் தங்காவின் மதிப்புக்குச் செல்லும் என்று 1329 முதல் 1332 வரை அறிவித்தவர் அவர். நோட்டு அடித்து மதிப்பு சொல்வது இன்று சர்வ சாதாரணம். அன்றைக்கு மக்கள் வீட்டிலேயே காசு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். திட்டம் படுத்தது. கடைசியில் அரசு கஜானா அந்தக் காசுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே துக்ளக் சில வருஷம் கழித்து, தன் பெயரையே காசிலிருந்து எடுத்துவிட்டு கெய்ரோவில் இருந்த கலீஃபா முஸ்தக்ஃபியின் பெயரைப் போட்டார். இதில் சோகம் என்னவென்றால், அந்த முஸ்தக்ஃபி 1340-லேயே இறந்துவிட்டார். மீண்டும் ஒருமுறை டெல்லிக் காசில் இறந்துபோன கலீஃபா. அதிகாரம் சரிந்துகொண்டிருந்த ஒரு சுல்தான் எதைப் பிடித்துக்கொள்ளத் துடித்தார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணம் சொல்லும்?

துக்ளக்கின் பிடி தளர்ந்த அதே காலத்தில்தான் மதுரையில் தனி சுல்தான் ஆட்சி முளைத்தது. 40 வருஷத்துக்குச் சற்று மேல் நடந்த அந்த ஆட்சியில் யாருக்குப் பின் யார் வந்தார் என்ற வரிசையை இன்று சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முக்கியச் சாட்சி அங்கே அடித்த காசுகளும் பயணி இப்னு பதூதாவின் குறிப்புகளும்தான்.

முகலாயர் பக்கம் வந்தால் காட்சியே மாறும். ஜஹாங்கீர் 1618 முதல் மாதத்தின் பெயருக்குப் பதிலாக அந்த ராசியின் படத்தையே காசில் அடித்தார். மேஷத்துக்கு ஆடு, ரிஷபத்துக்குக் காளை. அதற்கு முன்பே கையில் கோப்பையோடு தன் உருவத்தையும் தங்கக் காசில் போட்டிருந்தார். அவருடைய பேரன் ஔரங்கசீப்போ கலிமாவையே காசிலிருந்து எடுத்துவிட்டார். புனித வாக்கியம் எல்லோர் கையிலும் காலிலும் படக்கூடாது என்பது காரணம். மத ஈடுபாடு அதிகம் உள்ள மன்னரின் காசில் மத வாக்கியம் இல்லை! காரணம் தெரியாமல் காசை மட்டும் பார்த்தால் முடிவு தலைகீழாகிவிடும். முகலாய நாணயத் தொகுதி வந்த அடுத்த ஆண்டே லேன்-பூல் ஔரங்கசீப்பின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

ராஜாக்களின் டைரக்டரி

காசுகளைப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு வம்சத்துக்கும் முன்னால் யார் யார் ஆண்டார்கள், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்ற ஒரு பட்டியல் தேவைப்பட்டது. இப்படி 10, 13 தொகுதிகளில் சிதறிக் கிடந்ததை எல்லாம் திரட்டி, விடுபட்டவற்றைச் சேர்த்து, ஒரே புத்தகமாக்கினார். 1894-ல் வெளிவந்த முகமதிய வம்சங்கள் என்ற நூல் அது.

நூற்றுக்கும் அதிகமான அரச வம்சங்கள். ஒவ்வொரு ராஜாவுக்கும் ஹிஜ்ரி ஆண்டு ஒரு பக்கம், கி.பி. ஆண்டு இன்னொரு பக்கம். வம்ச வரைபடங்கள். கதை சொல்லும் புத்தகம் இல்லை. டெலிபோன் டைரக்டரி மாதிரி தேவைப்படும்போது புரட்டும் புத்தகம். ஆனால் அதுவரை மொராக்கோவில் ஒருவர் ஆண்டபோது குராசானில் யார் இருந்தார், டெல்லியில் யார் இருந்தார் என்று ஒரே பார்வையில் பார்க்க வழியில்லாமல் இருந்தது.

1899-ல் ரஷ்ய அறிஞர் பார்தோல்ட் இதைத் திருத்தங்களோடு ரஷ்ய மொழியில் கொண்டுவந்தார். 1927-ல் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தின் ஹலில் எதெம் விரிவாக்கித் துருக்கியில் வெளியிட்டார். அதே ஆண்டு ஆஸ்திரியாவின் ட்சாம்பவுர் இன்னும் பெரிய பட்டியலைப் போட்டார். அவரும் ஒரு நாணய ஆய்வாளர்தான். 1967-ல் பிரிட்டிஷ் அறிஞர் பாஸ்வர்த் புதிதாக ஒரு கையேடு எழுதியபோது, அவர் புதுப்பிக்க நினைத்தது 70 வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருந்த லேன்-பூலின் அந்தப் புத்தகத்தைத்தான். தவறுகள் இருந்தன, திருத்தப்பட்டன. சட்டகம் மட்டும் நின்றது.

முடிக்க முடியாத அகராதி

இதற்கு நடுவில் குடும்பக் கடன் ஒன்று அவர் தோளில் ஏறியது.

1876 ஆகஸ்ட் மாதம் லேன் தாத்தா இறந்துபோனார். அகராதியின் ஐந்து பகுதிகள்தான் அதுவரை அச்சாகியிருந்தன. அரபு எழுத்து வரிசையில் காஃப் என்ற எழுத்து வரைக்கும் எழுதி முடித்திருந்தார். மிச்சம் இருந்தவை குறிப்புகளும் துண்டுகளும். பேரனுக்கு வயது 21.

ஆறாம் பகுதியை மறு வருஷமே கொண்டுவந்தார். கூடவே தாத்தாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். ஆனால் ஏழாம், எட்டாம் பகுதிகளுக்கு ரொம்ப காலம் ஆனது. எட்டாவது வெளிவந்தது 1893-ல். அரபு படிப்பவர்கள் இந்த அகராதியை இன்றும் புரட்டுகிறார்கள். ஆரம்ப எழுத்துகளில் ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். கடைசிப் பகுதிகளுக்கு வந்தால் விளக்கம் மெலிந்துபோய், சில இடங்களில் சொல்லே விடுபட்டிருக்கும்.

லேன்-பூல் தன் அறிவை வைத்து அந்த இடைவெளிகளை நிரப்பியிருக்கலாமே? தாத்தாவின் தரத்தில் தன்னால் செய்ய முடியாததைச் செய்ததாகக் காட்டிக்கொள்ளாமல், இருந்த குறிப்புகளை இருந்தபடி கொடுத்தார். குறை தெரிகிறது. ஆனால் எது தாத்தா முடித்தது, எது முடிக்காமல் போனது என்பதும் தெரிகிறது. தேய்ந்த காசில் படிக்க முடியாத எழுத்தை யூகித்து நிரப்பாமல் காலியாக விடுவதும் இதே நேர்மைதான்.

பேனா வேகமாக ஓடிய காலம்

1892-ல் மியூசியம் வேலையை விட்டார். 1895 முதல் 1897 வரை கெய்ரோவில் எகிப்து அரசுக்காகத் தொல்லியல் ஆய்வுப் பணி. அங்கே இருந்த கெதிவ் நூலகத்தின் அரபு நாணயங்களுக்கும் ஒரு பட்டியல் போட்டு 1897-ல் வெளியிட்டார். 1898 முதல் 1904 வரை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அரபுப் பேராசிரியர்.

இதற்கு முன்னும் பின்னும் அவர் எழுதித் தள்ளிய பொதுவாசகர் நூல்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஸ்பெயின் முஸ்லிம்கள் பற்றி 1886-ல், துருக்கி பற்றி, வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் பற்றி, சலாவுதீன் பற்றி 1898-ல், பாபர் பற்றி 1899-ல், இடைக்கால எகிப்து பற்றி 1901-ல், முஸ்லிம் ஆட்சிக்கால இந்தியா பற்றி 1903-ல். ஸ்பெயின் புத்தகத்தை எகிப்தியக் கவிஞர் அலி அல்-ஜாரிம் அரபிலேயே மொழிபெயர்த்தார். இழந்துபோன ஒரு பொற்காலத்தின் கதையாக அரபு உலகம் அதைப் படித்தது.

ஆனால் இந்தப் புத்தகங்களுக்கு வயதாகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரண்மனையும் போரும் வாரிசுச் சண்டையும்தான் அவற்றில் வரலாறு. உழுதவர், நெய்தவர், வரி கட்டியவர் எல்லாம் ஓரத்தில்கூட இல்லை. ஆளும் நாட்டுக்காரர் ஆளப்படும் நாட்டைப் பார்க்கும் தோரணை பல இடங்களில் எட்டிப் பார்க்கும். ஒருவகையில் இது காசிலிருந்து வந்த பழக்கமாகக்கூட இருக்கலாம். காசில் ராஜா பெயர் மட்டும்தானே இருக்கும், அதை வாங்கிக் கொடுத்துப் பிழைத்தவர் பெயர் எங்கே இருக்கிறது!

அதே இந்தியப் புத்தகத்தில் ஒரு நல்ல பார்வையும் உண்டு. 13-ம் நூற்றாண்டில் டெல்லியில் ரஸியா, எகிப்தில் ஷஜர் அல்-துர், பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியில் ஆபிஷ் என மூன்று பெண்கள் அரியணையில் அமர்ந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மூன்று நாடுகளின் காசுகளையும் கையாண்ட ஒருவருக்கு இந்த ஒப்பீடு இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும்.

ஷஜர் அல்-துர்ரின் முடிவும் நல்லபடியாக இல்லை. தளபதி அய்பக்கை மணந்து ஆட்சியை அவரிடம் கொடுத்தார். 1257-ல் அய்பக் கொல்லப்பட்டார், அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தவர் என்று ஷஜர் அல்-துர்ரும் கொல்லப்பட்டார். அவர் பெயரில்லாத அவருடைய காசுகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார்?

1931 டிசம்பர் 29-ல் லேன்-பூல் காலமானார். 77 வயது. தம்பி ரெஜினால்ட் லேன் பூல் அதற்குள் ஆக்ஸ்போர்டில் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றுக்குப் பெயர் பெற்ற அறிஞராகியிருந்தார்.

இன்றைய நாணய ஆய்வு வெகுதூரம் போய்விட்டது. உலோகத்தில் எத்தனை சதவீதம் வெள்ளி என்று கருவி சொல்கிறது. ஒரே அச்சில் அடித்த காசுகள் எவை என்று கண்டுபிடித்து, மொத்தம் எவ்வளவு அடித்திருப்பார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். காசு எந்த ஊர் மண்ணில், எந்தப் புதையலில் கிடைத்தது என்பதுதான் இப்போது முதல் கேள்வி. லேன்-பூலின் பட்டியலில் அந்த விவரத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

ஆனாலும் லண்டனிலோ வேறு எங்கோ ஒரு பழைய இஸ்லாமிய நாணயம் ஏலத்துக்கு வந்தால், அதன் விவரக் குறிப்பைக் கவனித்துப் பாருங்கள். மன்னர் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு, எடை எல்லாம் எழுதிய பிறகு, பல சமயம் பிஎம்சி என்று மூன்று எழுத்துகளும் ஒரு எண்ணும் இருக்கும். பிரிட்டிஷ் மியூசியம் கேட்டலாக் என்பதன் சுருக்கம் அது. அந்த எண்ணைப் போட்டவர் பெயர் அங்கே இருக்காது.